பார்த்ததே இல்லாத கிருமியை உடல் எப்படி அடையாளம் காண்கிறது? டெங்கு மட்டும் ஏன் இரண்டாவது தடவை மோசமாகிறது?

கேள்வி கேட்டவர் சொல்லியிருப்பதன் சுருக்கம் இது. சின்ன வயதில் அவருக்குச் சின்னம்மை வந்துபோனது. அதன்பின் வீட்டில் எத்தனை பேருக்கு வந்தும் அவரை அது தொடவில்லை. ஆனால் டெங்கு இரண்டு தடவை வந்துவிட்டது, இரண்டாவது தடவை ஐ.சி.யூ. வரை போய்த்தான் மீண்டிருக்கிறார். சளி வருடத்துக்கு நாலு தரம். ‘ஒருமுறை வந்த கிருமியை உடல் ஞாபகம் வைத்துக்கொள்ளும் என்கிறார்களே, பிறகு ஏன் இந்த ஓரவஞ்சனை? அதற்கும் முன்னால், இதுவரை பார்த்தே இராத கிருமியை உடல் எதை வைத்து அடையாளம் கண்டது? என் ரிப்போர்ட்டில் ஐஜிஜி பாசிட்டிவ் என்று போட்டிருக்கிறார்கள், இனி பயமில்லை என்று எடுத்துக்கொள்ளலாமா?’ கேள்விகள் மூன்று போலத் தெரிந்தாலும், நடுவில் இருக்கும் கேள்விக்கு விடை தெரிந்தால் மற்ற இரண்டும் தானாக அவிழும். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

முன்கூட்டியே ஒன்று. நான் வார்டில் நோயாளி பார்க்கும் டாக்டர் இல்லை. மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் துறையில் இருபது வருடத்துக்கு மேல் ரத்த மாதிரிகளைச் சோதித்தவன், நடுநடுவே மாணவர்களுக்கு இந்தப் பாடத்தை எடுத்தவன். எனவே உங்கள் உடம்புக்கு இனி என்ன செய்ய வேண்டும் என்பதை உங்களைப் பார்த்த மருத்துவர்தான் சொல்ல வேண்டும். உள்ளே என்ன நடந்திருக்கும் என்பதை நான் சொல்ல முடியும்.

பள்ளிப் பாடத்தில் வெள்ளை அணுக்களைப் போர்வீரர்களாக வரைந்து காட்டுவார்கள். கிருமி வரும், வீரன் அதைப் பார்ப்பான், அதற்கேற்ற ஆயுதத்தைச் செய்வான், அடிப்பான். இந்தப் படத்தோடுதான் எனக்கு நெடுநாள் சண்டை. இது உடலை ஒரு தையல்காரராக நினைக்கிறது: ஆள் வந்த பிறகு அளவெடுத்து, வெட்டி, தைத்துத் தருபவர். ஏமாந்தது பள்ளிக்கூடம் மட்டுமில்லை. லைனஸ் பாலிங் என்ற மாபெரும் வேதியியலாளரே 1940-இல் ஏறக்குறைய இதைத்தான் சொன்னார். கிருமியின் மேல் ஆன்டிபாடி (கிருமியைப் பிடிக்க உடல் செய்யும் புரதம்) படிந்து, அதன் வடிவத்துக்கு ஏற்ப மடிந்துகொள்கிறது என்பது அவர் கணிப்பு. கேட்க அழகாக இருக்கிறது, ஆனால் தவறு.

உண்மையில் உடல் ஒரு ரெடிமேட் துணிக்கடை. கோடிக்கணக்கான அளவுகளில் சட்டை தைத்து, ஒவ்வொரு அளவிலும் ஒன்றோ சிலவோ மட்டும் மாட்டி வைத்திருக்கும் கடை. யார் வருவார்கள் என்று கடைக்குத் தெரியாது. பெரும்பாலான சட்டைகளை யாரும் எடுக்கப்போவதே இல்லை. ஒரு கிருமி உள்ளே வரும்போது அதற்குத் தற்செயலாகப் பொருந்தும் சட்டை எங்கோ ஒரு மூலையில் தொங்கிக்கொண்டிருக்கும். அது பொருந்தியது தெரிந்ததும் அதே அளவில் லட்சக்கணக்கில் தைக்கச் சொல்லி ஆர்டர் போகும். கிருமியிடமிருந்து உடல் எதையும் கற்றுக்கொண்டு செய்வதில்லை. ஏற்கெனவே இருப்பதிலிருந்து தேர்ந்தெடுக்கிறது. டென்மார்க்கின் நீல்ஸ் ஜெர்னே 1955-இல் இந்தப் பக்கம் கைகாட்டினார். மெல்போர்னில் இருந்த மாக்ஃபர்லேன் பர்னெட் 1957-இல் அதைச் செல்களின் கணக்காக மாற்றினார்: ஒரு செல், ஒரே ஒரு அளவு, பொருந்துகிற செல் மட்டும் பெருகும். இது இன்று ஊகம் இல்லை. இந்தத் துறையில் மிக உறுதியாகத் தெரிந்த விஷயங்களில் இதுவும் ஒன்று.

இந்தக் கடை எவ்வளவு பெரியது என்று காட்டும் சான்றுகளில் எனக்குப் பிடித்தது கார்ல் லாண்ட்ஸ்டைனருடையது. ரத்த வகைகளைக் கண்டுபிடித்து 1930-இல் நோபல் வாங்கினாரே, அவர்தான். இயற்கையில் எங்குமே இல்லாத, சோதனைச்சாலையில் புதிதாகச் செய்த சின்னச் சின்ன ரசாயனங்களைப் புரதங்களோடு ஒட்டி விலங்குகளுக்கு ஊசி போட்டார். அவற்றுக்கும் துல்லியமான ஆன்டிபாடி வந்தது. ஒரு அணுக்கூட்டம் இந்த மூலையில் இருந்தால் ஒரு ஆன்டிபாடி, அந்த மூலைக்கு மாறினால் வேறொன்று. பரிணாமத்தில் எந்த முயலின் மூதாதையும் சந்தித்திராத பொருள் அது. அதற்கும் சட்டை இருக்கிறது என்றால், கடை யாரையும் மனதில் வைத்துத் தைக்கவில்லை என்றுதான் அர்த்தம்.

சரி, கோடிக்கணக்கான அளவுகளுக்குத் துணி ஏது? மனித மரபணுத் தொகுப்பில் புரதம் செய்யும் ஜீன்கள் மொத்தமே சுமார் 20,000. ஒரு ஆன்டிபாடிக்கு ஒரு ஜீன் என்றால் கதை நடக்காது. இதை அவிழ்த்தவர் சுசுமு டொனெகாவா. சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் 1976-இல் அவர் காட்டியது அன்றைய உயிரியலுக்குப் பேரதிர்ச்சி: ஆன்டிபாடி செய்யும் வெள்ளை அணுவான பி செல் வளரும்போது தன் டி.என்.ஏ.வைத் தானே வெட்டி ஒட்டிக்கொள்கிறது. ஆன்டிபாடியின் பெரிய சங்கிலிக்கு மூன்று தட்டுகளில் துண்டுகள் இருக்கின்றன. முதல் தட்டில் சுமார் 40, இரண்டாவதில் 20-க்கு மேல், மூன்றாவதில் 6. ஒவ்வொரு செல்லும் தட்டுக்கு ஒன்றாகக் கண்ணை மூடிக்கொண்டு எடுத்து ஒட்டுகிறது. இதிலேயே சில ஆயிரம் சேர்க்கைகள். சின்னச் சங்கிலிக்கும் இதே விளையாட்டு. இரண்டையும் பெருக்கினால் பத்து லட்சத்தைத் தாண்டும். அதோடு விட்டதா என்றால் இல்லை. ஒட்டும் இடத்தில் சில எழுத்துகளைக் கடித்துத் துப்பி, சில எழுத்துகளைத் தோன்றியபடி சொருகிவிடுகிறது. அந்தக் கோணல்மாணல் ஒட்டுதான் எண்ணிக்கையைக் கோடிகளுக்கும் அப்பால் கொண்டுபோகிறது. டொனெகாவாவுக்கு 1987-இல் நோபல் கிடைத்தது. உங்கள் தோல் செல்லிலும் ஈரல் செல்லிலும் இருக்கும் டி.என்.ஏ. ஒன்றுதான், உங்கள் பி செல்லிலும், இன்னொரு வகை வெள்ளை அணுவான டி செல்லிலும் இருப்பது கொஞ்சம் வேறு. உடம்பு முழுக்க ஒரே டி.என்.ஏ. என்று நாம் படித்ததற்கு இது ஒரு விதிவிலக்கு.

கண்ணை மூடிக்கொண்டு தைத்தால் சில சட்டைகள் கடைக்காரருக்கே பொருந்திவிடும், அதாவது நம் சொந்த உடலுக்கு. அவற்றைக் களைந்தாக வேண்டும். டி செல்களுக்கு அந்தக் களையெடுப்பு நெஞ்செலும்புக்குப் பின்னால் இருக்கும் தைமஸ் சுரப்பியில் நடக்கிறது. 1961 வரை அது வேலையில்லாத உறுப்பு என்றே பலர் நினைத்திருந்தார்கள். லண்டனில் ழாக் மில்லர், எலிக்குட்டிகள் பிறந்த உடனேயே அவற்றின் தைமஸை எடுத்துப் பார்த்தபோது, அவை தொற்றுகளில் மடிந்தன. வேறு எலியின் தோலை ஒட்டினாலும் தள்ளிவிடாமல் ஏற்றுக்கொண்டன. தைமஸுக்குள் நுழையும் செல்களில் நூற்றுக்கு 95-க்கும் மேல் வெளியே வராமலே சாகின்றன. சில உதவாதவை, சில நம்மையே கடிக்கக்கூடியவை. வடிகட்டல் முழுமையானது அல்ல. தப்பித்துப் போகும் சிலவற்றை வெளியே அடக்கி வைக்க வேறு காவல்கள் உண்டு. அவையும் தவறும் இடத்தில்தான் முடக்குவாதம், சிறுவர்களுக்கு வரும் சர்க்கரை நோய் போன்றவை தொடங்குகின்றன. ஒருவருக்கு ஏன் தவறுகிறது, பக்கத்து வீட்டுக்காரருக்கு ஏன் தவறவில்லை என்பதற்கு மரபணு பாதி விளக்கம் தருகிறது. மீதி இன்றும் விவாதம்தான்.

இப்போது ஒரு கிருமி உள்ளே வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். காலில் முள் குத்திச் சீழ் வைத்தால் தொடை இடுக்கில் நெறி கட்டும், பார்த்திருப்பீர்கள். நம் பாட்டிமார்கள் ‘நெறி கட்டியிருக்கு, காலில் புண் இருக்கா பார்’ என்பார்கள். அந்த நெறிதான் நான் சொன்ன கடை. உடலில் லிம்போசைட் எனப்படும் இந்தச் செல்கள் லட்சம் கோடி அளவில் உள்ளன. ஒரு குறிப்பிட்ட கிருமித் துண்டுக்குப் பொருந்துபவை லட்சத்தில் ஒன்றோ பத்து லட்சத்தில் ஒன்றோதான். அந்த ஒன்று காலில் முள் குத்திய இடத்தில் போய்க் காத்திருக்க முடியாது. எனவே தோலில் இருக்கும் கிளைவிட்ட செல்கள் கிருமியின் துண்டுகளைத் தூக்கிக்கொண்டு நிணநீர்க் குழாய் வழியாக அருகிலுள்ள நிணநீர் முடிச்சுக்கு வருகின்றன. ரத்தத்தில் சுற்றும் டி செல்கள் ஒவ்வொரு முடிச்சாக ஏறி இறங்கி, சந்தையில் விலை விசாரிப்பதுபோல் உரசிப் பார்த்துவிட்டுப் போகின்றன. பொருந்திய செல் நகராமல் நின்றுவிடுகிறது. நின்று, நாளுக்கு இரண்டு மூன்று தடவை பிளந்து பெருகுகிறது. முடிச்சு வீங்குவது அதனால்தான். நெறி கட்டுவது நோயின் அடையாளம் என்று பயப்படுவதை விட, வேலை தொடங்கியதன் அடையாளம் என்று எடுத்துக்கொள்ளலாம். வாரக்கணக்கில் வலியில்லாமல் கெட்டியாக இருக்கும் கட்டி வேறு கதை. அதைக் கட்டாயம் காட்ட வேண்டும்.

பி செல்கள் அங்கே இன்னொரு காரியமும் செய்கின்றன. ரெடிமேட் சட்டை ஓரளவுதான் பொருந்தும், இல்லையா? பெருகும் பி செல்கள் ஆன்டிபாடி ஜீனில் மட்டும் வேண்டுமென்றே எழுத்துப் பிழைகளைப் போடுகின்றன. பெரும்பாலான பிழைகள் சட்டையைக் கெடுக்கும், அந்தச் செல்கள் சாகும். சில பிழைகள் பொருத்தத்தைக் கூட்டும், அவை பிழைக்கும், மறுபடி பெருகும். கடைக்குள்ளேயே ஆல்டரேஷன் நடக்கிறது. அதனால்தான் தொற்று வந்த முதல் வாரத்து ஆன்டிபாடியை விட மூன்றாம் மாதத்து ஆன்டிபாடி கிருமியை இறுக்கமாகப் பிடிக்கும். ஆன்டிபாடியில் முதலில் வரும் வகை ஐஜிஎம், பின்னால் வந்து நிலைக்கும் வகை ஐஜிஜி. நாங்கள் லேபில் பார்ப்பது இந்த இரண்டையும்தான்.

ஆன்டிபாடி செல்லுக்கு வெளியே மிதப்பதைத்தான் பிடிக்கும். வைரஸ் செல்லுக்குள் புகுந்து கதவைச் சாத்திக்கொண்டால்? அங்கே டி செல் வேண்டும். நம் ஒவ்வொரு செல்லும் தனக்குள் செய்யும் புரதங்களைத் துண்டு துண்டாக்கி, எட்டுப் பத்து அமினோ அமில நீளத்தில், மேலே ஒரு தட்டில் வைத்துக் காட்டிக்கொண்டே இருக்கிறது. உள்ளே வைரஸ் இருந்தால் அதன் துண்டும் அந்தத் தட்டில் வந்துவிடும். டி செல் துண்டை மட்டும் பார்ப்பதில்லை, தட்டையும் சேர்த்தே பார்க்கிறது என்று கான்பெர்ராவில் பீட்டர் டோஹர்ட்டியும் ரோல்ஃப் ஜிங்கர்நாகலும் 1974-இல் எலிகளில் காட்டினார்கள். 1996-இல் நோபல். இந்தத் தட்டு ஆளுக்கு ஆள் வேறு. சிறுநீரகம் மாற்றும் முன் பொருத்தம் பார்க்கிறார்களே, அது இந்தத் தட்டுகளைத்தான். உதவும் டி செல்கள் என்று இன்னொரு கூட்டம் உண்டு. பெரும்பாலான நேரம் அவர்கள் தலையாட்டினால்தான் பி செல் முழு வேகத்தில் இறங்கும். எச்.ஐ.வி. குறிவைப்பது இந்தக் கூட்டத்தை. ஒரு கூட்டம் போனால் முழுக் கடையும் படுத்துவிடுவதன் காரணம் அதுதான். டி செல்லின் ஞாபகத்தைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் காசநோய்க்கு முன்கையில் போடும் மாண்டூ ஊசியைப் பாருங்கள். 48 முதல் 72 மணி நேரத்தில் தடித்தால், உங்கள் டி செல்கள் அந்தக் கிருமியை அல்லது அதன் உறவினரை முன்பே சந்தித்திருக்கின்றன. ஆனால் ஞாபகம் இருப்பதும் பாதுகாப்பு இருப்பதும் ஒன்றல்ல. செங்கல்பட்டில் 1968-இல் தொடங்கி லட்சக்கணக்கானவர்களிடம் நடத்திய பிசிஜி ஆய்வில், அந்தத் தடுப்பூசி பெரியவர்களின் நுரையீரல் காசநோயைத் தடுக்கவில்லை என்றே தெரிந்தது. குழந்தைகளுக்கு வரும் மூளைக் காசநோயை அது தடுக்கிறது என்பதற்கு வேறு இடங்களில் நல்ல சான்று உண்டு, அதனால்தான் இன்றும் பிறந்த குழந்தைக்குப் போடுகிறார்கள்.

இத்தனையும் நடக்க நாள் ஆகும். புதிய கிருமிக்கு உருப்படியான ஆன்டிபாடி ரத்தத்தில் தெரிய ஒரு வாரம், பத்து நாள். நாய் கடித்தால் தடுப்பூசியோடு காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் ஏன் போடுகிறார்கள் என்று நிறையப் பேர் கேட்பார்கள். தடுப்பூசி உங்கள் கடைக்கு ஆர்டர் கொடுக்கிறது. சரக்கு வர ஒரு வாரத்துக்கு மேல். அதுவரை தாங்குவதற்கு வெளியே தைத்த சட்டையை, அதாவது தயாராக இருக்கும் ஆன்டிபாடியை, கடன் வாங்கிப் போட்டுவிடுகிறார்கள். ரேபிஸ் வைரஸ் நரம்பு வழியே மெதுவாக ஊர்ந்து மூளைக்குப் போவதால் இந்த ஓட்டப்பந்தயத்தில் நமக்கு நேரம் கிடைக்கிறது. கடித்த பிறகு போட்டும் பலன் தரும் தடுப்பூசி அரிது. இது அப்படிப்பட்ட ஒன்று. கடன் சட்டை சில வாரங்களில் கிழிந்துபோகும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். தடுப்பூசியை முழுதாகப் போட்டு முடிக்கச் சொல்வது அதனால்தான்.

அப்புறம் ஞாபகம். ஆர்டர் முடிந்ததும் தைத்த செல்களில் பெரும்பகுதி செத்துவிடும். கொஞ்சம் மட்டும் தங்கும். சில எலும்பு மஜ்ஜையில் குடியேறி வருடக்கணக்கில் ஆன்டிபாடியைக் கசியவிட்டுக்கொண்டே இருக்கும், சில நினைவு செல்களாகச் சுற்றும். அடுத்த தடவை அதே கிருமி வந்தால் பத்து நாள் வேலை இரண்டு மூன்று நாளில் முடியும். பல நேரம் நமக்குத் தெரியாமலே முடிந்துவிடும். இதற்கு மிகச் சுத்தமான சான்று வட அட்லாண்டிக்கில் உள்ள ஃபாரோ தீவுகளிலிருந்து வந்தது. அங்கே 1781-இல் தட்டம்மை வந்துபோனது. அடுத்த 65 வருடம் அந்த நோய் தீவுக்குள் நுழையவே இல்லை. 1846-இல் மறுபடி வந்தபோது 7,782 பேரில் சுமார் 6,000 பேர் படுத்தார்கள். டென்மார்க் அரசு அனுப்பிய இளம் மருத்துவர் பேட்டர் பானும் என்பவர் கவனித்தது இதைத்தான்: 1781-இல் தட்டம்மை வந்து உயிரோடிருந்த கிழவர் கிழவிகளில் ஒருவருக்குக்கூட மறுபடி வரவில்லை. இடையில் அந்தக் கிருமியைப் பார்க்காமலே 65 வருட ஞாபகம். 2008-இல் வந்த ஆய்வு ஒன்று 1918 ஃப்ளூவைத் தாண்டி வாழ்ந்த 32 முதியவர்களைச் சோதித்தது. 90 வருடம் கழித்தும் அந்த வைரஸைப் பிடிக்கும் ஆன்டிபாடி அவர்களிடம் இருந்தது, செல்களையும் சோதித்துப் பார்த்த சிலரில் பெரும்பாலோரிடம் அதைச் செய்யும் பி செல்களும் இருந்தன.

ஆனால் எல்லாக் கிருமிக்கும் இப்படி இல்லை. டெட்டனஸ் வந்து பிழைத்தவருக்கும் தடுப்பூசி போட வேண்டும். அந்த நஞ்சு அவ்வளவு உக்கிரம். ஆளைக் கொல்லப் போதுமான அளவுகூட கடைக்காரர் கவனத்தை ஈர்க்கப் போதாது. நோய் வந்தால் கிடைக்காத பாதுகாப்பு ஊசியில் கிடைக்கிறது. ‘இயற்கையாக வந்து போவதுதான் நல்லது’ என்பவர்களிடம் நான் இந்த ஒன்றைத்தான் சொல்வேன். இன்னொன்றும் சொல்வேன்: தட்டம்மை தன்னைப் பற்றிய ஞாபகத்தை ஆயுளுக்கும் விட்டுச்செல்கிறது, ஆனால் மற்ற கிருமிகளைப் பற்றிய ஞாபகத்தை அழித்துவிடுகிறது. நினைவு செல்களுக்குள்ளேயே புகுந்து அவற்றைத் தீர்த்துவிடும். 2019-இல் வந்த ஆய்வில், தடுப்பூசி போடாமல் தட்டம்மை வந்த குழந்தைகள் தங்களிடம் முன்பிருந்த ஆன்டிபாடி வகைகளில் 11 முதல் 73 சதவீதம் வரை இழந்திருந்தார்கள்.

இனி உங்கள் ஓரவஞ்சனைக் கேள்வி. சின்னம்மை வைரஸுக்கு ஒரே முகம்தான். ஒருமுறை தைத்த சட்டை ஆயுளுக்கும் பொருந்தும். (அது உடலை விட்டுப் போவதும் இல்லை. நரம்பு முடிச்சில் ஒளிந்திருந்து, வயதாகி டி செல்கள் தளரும்போது அக்கியாக வெளியே வரும். அக்கி வந்தால் அது புதுத் தொற்று அல்ல, பழைய அம்மைதான்.) சளியில் பாதிக்குக் காரணமான ரைனோ வைரஸ் மட்டும் 150 வகைக்கு மேல். ஒவ்வொன்றும் வேறு ஆள். உங்கள் உடல் மறக்கவில்லை, வருகிறவர்தான் புதியவர். ஃப்ளூ ஒரே ஆள், வருடா வருடம் மீசை மாற்றிக்கொண்டு வருகிறார். டெங்கு இந்த இரண்டு கணக்கிலும் அடங்காது. அதற்கு நாலு முகம். நாலும் அண்ணன் தம்பிகள் போல அரைகுறையாக ஒன்றையொன்று ஒத்திருக்கும். தொல்லையே அந்த அரைகுறை ஒற்றுமையில்தான்.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஆல்பர்ட் சேபின் தொண்டர்களிடம் சோதித்துப் பார்த்தார். ஒரு வகை டெங்கு வந்தவருக்கு அதே வகை மறுபடி வரவில்லை. வேறு வகையிலிருந்து பாதுகாப்பு இரண்டு மூன்று மாதம்தான் நீடித்தது. அதன்பின் அறுபதுகளில் பாங்காக்கில் வேலை செய்த ஸ்காட் ஹால்ஸ்டெட், குழந்தைகளுக்கு வரும் கடுமையான டெங்கு பெரும்பாலும் இரண்டாவது தொற்றில் வருவதைக் கவனித்தார். கூடவே ஒரு விசித்திரம்: ஒரு வயதுகூட நிரம்பாத சில குழந்தைகளுக்கு முதல் தொற்றிலேயே கடுமையாக வந்தது. அவர்களுடைய தாய்மார்களுக்கு முன்பே டெங்கு வந்திருந்தது. அதாவது குழந்தையிடம் இருந்தது தாயிடமிருந்து கடனாக வந்த, தேய்ந்துகொண்டிருந்த ஆன்டிபாடி மட்டும். நினைவு செல் இல்லை. அப்படியானால் குற்றவாளி ஆன்டிபாடிதானா?

நடப்பது இது என்று கருதப்படுகிறது. முதல் வகைக்குத் தைத்த ஆன்டிபாடி இரண்டாவது வகையின் மேலும் ஒட்டும், ஆனால் அதை முடக்கும் அளவுக்கு இறுகப் பிடிக்காது. ஆன்டிபாடி ஒட்டியதைக் கண்டால் விழுங்கும் செல்கள் ‘சரி, இது குப்பை’ என்று அள்ளி உள்ளே போட்டுக்கொள்ளும். டெங்கு வைரஸுக்கு மிகப் பிடித்த வீடு அந்த விழுங்கும் செல்தான். காவல்காரனே கதவைத் திறந்து திருடனைக் கையைப் பிடித்து அழைத்துப் போன கதை. வைரஸ் பல மடங்கு பெருகுகிறது, அதைக் கண்டு உடல் பொழியும் ரசாயனங்களும் வைரஸின் சொந்தப் புரதம் ஒன்றும் சேர்ந்து ரத்தக்குழாய்ச் சுவரைக் கசிய வைக்கின்றன. பிளேட்லெட் எண்ணிக்கையைப் பார்த்து எல்லோரும் பதறுகிறோம். ஆளை ஐ.சி.யூ.வுக்குக் கொண்டுபோவது பெரும்பாலும் இந்தக் கசிவுதான்.

இதற்கு ஒரு தீவே சாட்சி. கியூபாவில் 1977-இல் டெங்கு முதல் வகை பரவியது, பெரும்பாலும் லேசாக. 1981-இல் இரண்டாம் வகை வந்தது: 3,44,203 பேருக்கு நோய், 158 சாவு. நடுவில் பிறந்து முதல் வகையையே பார்த்திராத குழந்தைகள் பெரும்பாலும் தப்பித்தார்கள். அரசு கொசுவை ஒடுக்கியது. 1997-இல் சாந்தியாகோ நகரில் இரண்டாம் வகை மறுபடி தலைகாட்டியபோது கடுமையாகப் படுத்தவர்கள் பெரியவர்கள், அதாவது எழுபதுகளின் முதல் வகைத் தொற்றைச் சுமந்தவர்கள். இருபது வருடம் கழித்தும் அந்த ஞாபகம் ஆபத்தாகவே இருந்தது. ஞாபகம் நீடிப்பது எப்போதும் வரம் என்று நினைத்துப் பாடம் எடுத்துக்கொண்டிருந்த எனக்கு இந்த ஆய்வு கொஞ்ச நாள் தூக்கம் கெடுத்தது. பிலிப்பைன்ஸில் 2016-இல் 8 லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளுக்கு டெங்குத் தடுப்பூசி போட்டுவிட்டு, முன்பு டெங்கு வராதவர்களுக்கு அந்த ஊசியே முதல் தொற்றுப் போல வேலை செய்து பின்னால் வரும் தொற்றைக் கடுமையாக்கலாம் என்று 2017 நவம்பரில் அறிவிக்க வேண்டிவந்ததும் இதே கணக்குதான்.

எது உறுதி, எது இன்னும் இழுபறி என்று பிரித்துச் சொல்லிவிடுகிறேன். நாலு வகை உண்டு, அதே வகை மறுபடி வருவது மிக அரிது, இரண்டாவது வகையில் ஆபத்துக் கூடுதல்: இவை உறுதி. ஆன்டிபாடி வைரஸை உள்ளே இழுத்துவிடுகிறது என்பதற்கு நிகராகுவா குழந்தைகளிடம் எடுத்த 2017 ஆய்வு வலுவான துணை. ஆன்டிபாடி மிகக் குறைவாக இருந்தவர்களும் மிக அதிகமாக இருந்தவர்களும் தப்பித்தார்கள், நடுத்தரத்தில் இருந்தவர்களுக்கே ஆபத்து அதிகம். இழுபறி எதில் என்றால், இரண்டாம் தொற்று வந்தவர்களிலும் பெரும்பாலானோர் சாதாரணக் காய்ச்சலோடு எழுந்துவிடுகிறார்களே, அது ஏன் என்பதில். பழைய டி செல்களின் பங்கு உதவியா உபத்திரவமா என்பதிலும் இரண்டு கட்சி உண்டு. ‘இம்யூனிட்டி பூஸ்டர்’ என்று எதையாவது விற்கிறார்களே, அவர்களிடம் எனக்கு ஒரே கேள்விதான்: எதைக் கூட்டப்போகிறீர்கள்? டெங்குவில் அடி விழுவதே எதிர்ப்பு சக்தியின் கையால்.

உங்கள் ரிப்போர்ட்டுக்கு வருகிறேன். ஐஜிஜி பாசிட்டிவ் என்றால் டெங்குவை உங்கள் உடல் முன்பு பார்த்திருக்கிறது என்று மட்டும்தான் பொருள். எந்த வகை, எத்தனை தடவை என்று எலிசா எனும் சாதாரண ஆன்டிபாடிச் சோதனை சொல்லாது. காய்ச்சல் தொடங்கிய சில நாளிலேயே ஐஜிஜி மடமடவென்று ஏறி, ஐஜிஎம் மந்தமாக இருந்தால் நாங்கள் இரண்டாம் தொற்று என்று சந்தேகிப்போம். உங்களுக்கு அப்படித்தான் இருந்திருக்க வேண்டும். பாதுகாப்புச் சான்றிதழாக அதை எடுத்துக்கொள்ளாதீர்கள், இன்னும் இரண்டு வகை வெளியே இருக்கிறது. நல்ல செய்தி என்னவென்றால், இரண்டு வகைகளைத் தாண்டியவரின் ஆன்டிபாடிகள் பரவலாகப் பிடிக்கப் பழகிவிடுவதால், மூன்றாவது, நாலாவது தொற்று கடுமையாவது இரண்டாவதை விட வெகு குறைவு. முடியவே முடியாது என்பதில்லை. எனவே மறுபடி காய்ச்சல் வந்தால் முன்பு இரண்டு தடவை வந்ததை முதல் நாளே டாக்டரிடம் சொல்லுங்கள். பாராசிட்டமால் தவிர வேறு வலி மாத்திரை, முக்கியமாக ஆஸ்பிரினும் புரூஃபனும், நீங்களாகப் போடாதீர்கள். கசிவு தொடங்குவது பெரும்பாலும் காய்ச்சல் இறங்கும் நாலாம் ஐந்தாம் நாளில். காய்ச்சல் விட்டது என்று வீட்டில் எல்லோரும் நிம்மதியாக இருக்கும்போது வயிறு வலித்தாலோ, வாந்தி நிற்காவிட்டாலோ, ஈறில் ரத்தம் வந்தாலோ, ஆள் சோர்ந்து சுருண்டாலோ, அன்றிரவே மருத்துவமனைக்குக் கிளம்பிவிடுங்கள்.